யாருக்காக எழும்புகிறோம்: கஷ்ட காலத்தில் ஒரு பிடிப்பைத் தேடிக்கொள்ள முழுமையான வழிகாட்டி

இலங்கையில் பொருளாதார நெருக்கடி முற்றிய 2022 ஏப்ரல், மே மாதங்களில் கொழும்பில் இருந்தவர்களுக்கு வரிசை என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. 2,675 ரூபாயாக இருந்த 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 4,860 ஆனது. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. மண்ணெண்ணெய் அடுப்புக்கு மாறியவர்கள் கேனும் கையுமாக விடியமுன்பே தெருவில் நின்றார்கள். வெள்ளவத்தைப் பக்கம் நான் நின்ற ஒரு வரிசையில் காலை நாலரைக்கே தள்ளுமுள்ளு. மூன்றாம் நாள், ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அக்கா 80 பக்கக் கொப்பி ஒன்றோடு வந்தார். வந்தவர்களின் பெயரை ஒழுங்காக எழுதி, ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் பேனையால் இலக்கம் போட்டார்.

"தம்பி, நீங்கள் 43. வீட்ட போய் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு ஏழு மணிக்கு வாங்கோ. ஆரும் உங்கட இடத்தை எடுக்க மாட்டினம்."

அவரை யாரும் நியமிக்கவில்லை. முதல் இரண்டு நாளும் எங்களைப் போலவே கேனின் மேல் குந்தியிருந்து தூங்கி வழிந்தவர்தான். கொப்பி கைக்கு வந்த பிறகு நடையே மாறிவிட்டது. ஒரு கிழமைக்குப் பிறகு பேச்சுவாக்கில் தெரிய வந்தது, வீட்டில் கணவர் பாரிசவாதத்தில் படுக்கை, மகனுக்கு வேலை போய் இரண்டு மாதம். "எப்படி அக்கா சமாளிக்கிறீங்கள்?" என்று கேட்டேன். "நான் போகாட்டி இங்க ஆக்கள் அடிபடுவினம் தம்பி. அதால நாலு மணிக்கே முழிப்பு வந்திடுது" என்றார்.

எனக்கும் அந்த மே மாதம் வேலை போனது. நான் கணக்கெழுதிய இறக்குமதிக் கம்பனி டொலர் இல்லாமல் கதவைச் சாத்தியது. ஆனால் என் கையில் கொப்பி எதுவும் இருக்கவில்லை. அடுத்த ஐந்து மாதம் பெரும்பாலும் படுக்கையிலேயே போனது. அதற்குப் பிறகு நான் தட்டுத் தடுமாறிப் படித்துக்கொண்டதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

நோக்கமா, பிடிப்பா?

"வாழ்க்கையின் நோக்கம் என்ன?" என்றால் பரீட்சைக் கட்டுரைத் தலைப்பு மாதிரி இருக்கிறது. பதில் பெரிதாக இருக்க வேண்டுமே என்ற பயமும் கூடவே வந்துவிடுகிறது. வீடுகளில் நாம் புழங்கும் சொல் வேறு. "மனைவி போன பிறகு அவருக்கு ஒரு பிடிப்பில்லை" என்போம். எனக்கு அந்தச் சொல்தான் சரியாகப் படுகிறது. 155 பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது மேலே ஓடும் கம்பியைப் பிடிக்கிறோம். பிடித்ததற்காக பஸ் குலுங்காமல் போவதில்லை. சாரதி பிரேக் அடிக்கும்போது முன்னால் நிற்பவர் மேல் போய் விழ மாட்டோம், அவ்வளவுதான்.

இதில் ஆய்வாளர்களும் கை வைத்திருக்கிறார்கள். பட்ரிக் ஹில், நிக்கலஸ் டூரியானோ என்ற இருவர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவில் ஆறாயிரம் பேரளவில் 14 ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கப்பட்டார்கள். வாழ்க்கையில் ஒரு நோக்கம் இருப்பதாகச் சொன்னவர்களிடையே அந்தக் காலத்தில் மரணங்கள் குறைவு. இளையவர், முதியவர் என்ற வித்தியாசமும் பெரிதாக இல்லை. இதை வைத்து நோக்கம்தான் ஆயுளை நீட்டியது என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. உடம்பு நன்றாக இருப்பவருக்குப் பிடிப்பும் எளிதாகக் கிடைக்கும் அல்லவா?

எனக்கு அதைவிட மனதில் தங்கியது ஹவாயின் கவாய் தீவில் எமி வேர்னர் செய்த ஆய்வு. 1955இல் அந்தத் தீவில் பிறந்த 698 குழந்தைகளை அவர்களின் நாற்பது வயது வரை பின்தொடர்ந்தார்கள். வறுமை, வீட்டில் சண்டை, பெற்றோரின் குடி அல்லது மனநோய் என்று பல சுமைகளோடு வளர்ந்த பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் தலை நிமிர்ந்து வாழும் பெரியவர்களானார்கள். அவர்களுக்குப் பாட்டியோ ஆசிரியரோ, நம்பக்கூடிய ஒரு பெரியவராவது இருந்தார். கூடவே, தம்பி தங்கையைப் பார்ப்பது, வீட்டுவேலையில் ஒரு பங்கு என்று அவர்களை நம்பி ஒப்படைத்த பொறுப்பும் பலருக்கு இருந்தது. கொப்பிக்கார அக்காவை அப்போதுதான் எனக்குப் புரிந்தது. யாராவது நம்மை எதிர்பார்த்திருப்பது சுமை மட்டும் அல்ல, அதுவே நம்மைத் தூக்கியும் நிறுத்துகிறது.

தொடங்குமுன்: இது இப்போது உங்களுக்கு வேண்டியதா?

இந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விட வேண்டாம். சாப்பாடு, வாடகை, மருந்து, பள்ளிக்கூடச் செலவு ஆகியவற்றில் எது இந்த மாதம் உதைக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். கடன் இருந்தால் யாருக்கு, எவ்வளவு, எப்போது என்பதையும் எழுதுங்கள். நகை அடைவில் இருந்தால் தவணைத் திகதியையும் சேருங்கள். இரவில் மண்டைக்குள் ஓடும் கணக்கு, தாளில் இறங்கியவுடன் பாதியாவது வாயை மூடும். பிடிப்பைத் தேடுவது அதற்கடுத்த வேலை.

இரண்டு கிழமைக்கு மேலாக நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை, செத்துப்போனால் நல்லது என்ற எண்ணம் வந்து போகிறது என்றால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு ஒருவரோடு கதையுங்கள். 1926 தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம். 1333 என்ற இலக்கத்திலும் இலவசமாகக் கதைக்கலாம். ஹோர்ட்டன் பிளேஸில் உள்ள சுமித்ராயோ, தற்கொலை எண்ணத்தோடு இருப்பவர்களின் பேச்சைக் கேட்பதற்கென்றே பல காலமாக இயங்குகிறது. நான் அந்த ஐந்து மாதத்தில் டொக்டரிடம் போகவில்லை. போயிருந்தால் அது இரண்டு மாதத்தோடு முடிந்திருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2022 செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 வீதம். அந்த நாட்களில் மேடைக்கு மேடை "எங்கள் மக்களின் மீண்டெழும் ஆற்றல்" புகழப்பட்டது. பாணுக்கு வழியில்லாதவனைப் பார்த்து "உனக்கு நல்ல மனத்திடம்" என்பது, செய்ய வேண்டியதைச் செய்யாதவர்களுக்குத்தான் வசதி. பிடிப்பு உங்களுக்கு வேண்டியது. அடுத்தவர் உங்களிடம் அதைக் கேட்டால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

படி 1: பின்னோக்கிப் பாருங்கள்

"இனி நான் என்ன செய்ய விரும்புகிறேன்?" என்று முன்னோக்கி யோசித்தால், சோர்ந்த மனதுக்கு ஒன்றுமே தோன்றாது. பின்னால் பார்ப்பது இலேசு. ஒரு கொப்பி வாங்கி, பக்கத்தை மூன்றாகப் பிரியுங்கள். முதல் பகுதியில் நீங்கள் கடந்து வந்த மோசமான காலங்கள். இரண்டாவதில் அந்த நாட்களில் உங்கள் கை தினமும் என்ன செய்தது என்பது. மூன்றாவதில் அது யாருக்காக என்பது. என்ன உணர்ந்தீர்கள் என்று எழுத வேண்டாம். கை என்ன செய்தது என்பது போதும்.

என்னுடைய முதல் பக்கம் இப்படி இருந்தது. 2019 ஏப்ரல் 21, கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்த பிறகு: பக்கத்து வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடம் திறந்தும் போக மாட்டேன் என்று அழுதது, மூன்று கிழமை கேற் வரை கூட்டிப்போய் விட்டேன். 2020 மார்ச் 20இல் போட்ட ஊரடங்கு கொழும்பில் மே 26 வரை இழுத்தபோது: எங்கள் தொடர்மாடியில் தனியாக இருந்த ஆறு வயோதிபரின் மருந்துப் பெயர்களை ஒரு தாளில் எழுதி, யாருக்கு எது எப்போது முடியும் என்று பார்த்து வாங்கிக் கொடுத்தேன். 2022: "படுத்திருந்தேன்." அந்த இடத்தில் வேறு எதையாவது எழுதலாமா என்று கொஞ்ச நேரம் பேனையை வைத்துக்கொண்டு யோசித்தேன். எழுத ஒன்றும் இல்லை.

பக்கத்தைப் பார்த்தபோது இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. எனக்குப் பட்டியல் போடுவதும் ஒழுங்குபடுத்துவதும் கைவந்த வேலை. பிள்ளைகளோடும் வயதானவர்களோடும்தான் எனக்கு ஒத்துப்போகிறது. மேடை, கூட்டம், பேச்சு எதுவுமே அந்தப் பக்கத்தில் இல்லை. உங்கள் பக்கத்தில் வேறு ஏதாவது இருக்கும்: சமையல், தையல், ஒருவரின் பேச்சை அலுக்காமல் கேட்பது, ஓட்டோ திருத்துவது, சிங்களத்தில் படிவம் நிரப்பிக் கொடுப்பது. கடைசியில் சொன்னதைக் குறைத்து எடை போடாதீர்கள். கொழும்பில் தமிழ் மட்டுமே தெரிந்த ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று ஏதாவது ஒரு கந்தோரில் அரை மணி நேரம் நின்றால் தெரியும்.

ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1980களில் தொடங்கிய எழுத்துப் பயிற்சியில் ஒரு நாளைக்கு 15 அல்லது 20 நிமிடம், மூன்று நான்கு நாள் மட்டும்தான் எழுதுவார்கள். நீங்களும் அந்த அளவில் நிறுத்துங்கள். எழுதி முடித்த கையோடு மனம் பாரமாக இருப்பது வழக்கம், போகப் போகத்தான் இலேசாகும். அடி விழுந்து சில நாட்களே ஆகியிருந்தாலோ, எழுத எழுத நடுக்கம் கூடினாலோ கொப்பியை மூடிவிடுங்கள். அது வெறுமனே கிடக்கட்டும்.

படி 2: யார் காத்திருக்கிறார்கள்?

அடுத்த பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி: நாளைக்கு நான் வராவிட்டால் யார் கவனிப்பார்கள்? பெயர் பெயராக எழுதுங்கள். பெயர் ஒன்றும் வராவிட்டால் பூனையை எழுதுங்கள், பூச்சட்டியை எழுதுங்கள். பகிடிக்குச் சொல்லவில்லை, என் பட்டியலில் முதலில் நின்றது பல்கனியில் இருந்த கறிவேப்பிலைக் கன்றுதான்.

வியன்னாவின் மனநல மருத்துவர் விக்டர் பிராங்கிள் 1942 தொடக்கம் 1945 வரை நாஜிகளின் நான்கு முகாம்களில் இருந்தவர். பெற்றோர், சகோதரன், மனைவி ஆகியோரை இழந்தவர். வாழ்க்கைக்கு அர்த்தம் வரும் வழிகள் மூன்று என்றார்: ஒன்றைச் செய்து கொடுப்பது, ஒன்றை அல்லது ஒருவரை முழு மனதோடு அனுபவிப்பது, மாற்றவே முடியாத துன்பத்தின் முன்னால் எப்படி நிற்பது என்று தீர்மானிப்பது.

நாம் முதலாவதோடு நின்றுவிடுகிறோம். ஏதாவது செய்தால்தான் மதிப்பு என்று வளர்க்கப்பட்டவர்கள் அல்லவா! ஆனால் செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போகும் கூட்டத்தைப் பாருங்கள். கத்தோலிக்கரோடு சைவர்களும் பௌத்தர்களும் மெழுகுதிரியோடு நிற்பார்கள். மாலை ஆறு மணிக்கு மெரைன் டிரைவில் கடலைப் பார்த்தபடி, ஒரு வார்த்தையும் கதைக்காமல் உட்கார்ந்திருக்கும் இரண்டு வயோதிப நண்பர்களைப் பாருங்கள். அதுவும் பிடிப்புத்தான்.

மூன்றாவது வழியைப் பற்றி எச்சரிக்கையாகத்தான் பேச வேண்டும். பிராங்கிள் கூட, தவிர்க்கக்கூடிய துன்பத்தை முதலில் தவிர்க்கத்தான் வேண்டும், வீணாகத் தாங்குவதில் வீரம் இல்லை என்றார். அந்தப் பகுதியைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அடிக்கிற கணவனோடு "என் விதி" என்று இருப்பது இந்தக் கணக்கில் வராது.

இன்னொன்று, பிடிப்பு நிம்மதி தந்துதான் ஆக வேண்டும் என்றில்லை. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் தாய்மார் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரம் கொட்டகை போட்டு உட்கார்ந்தார்கள். வருடக் கணக்காக விடவில்லை. அவர்களிடம் போய் "மறந்துவிட்டு வேறு நோக்கம் தேடுங்கள்" என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

படி 3: அதற்கு ஒரு முகவரியும் நேரமும் கொடுங்கள்

"சமூகத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும்" என்பது காற்றில் கட்டிய கயிறு, பிடிக்க முடியாது. யாருக்கு, என்ன, எங்கே, எத்தனை மணிக்கு என்ற நாலும் ஒரே வரியில் வர வேண்டும். என் வரி: "சனிக்கிழமை காலை 9 மணிக்கு, கீழ்மாடி மண்டபத்தில், சாதாரண தரம் எழுதப்போகும் பிள்ளைகளுக்குக் கணக்கு."

மாடிப்படி அருகே ஒரு தாள் ஒட்டினேன், "காசு வேண்டாம்" என்று போட்டு. முதல் சனிக்கிழமை வந்தது ஒரே ஒரு பெடியன். அவனும் என் போனில் ஹொட்ஸ்பொட் கிடைக்குமா என்று கேட்கத்தான் வந்தவன். சரி, தருகிறேன், ஆனால் இரண்டு கணக்குச் செய்துவிட்டுப் போ என்றேன். எளிய சமன்பாடு. x ஐ ஒரு பக்கம் கொண்டு வரும்போது அடையாளம் மாறும் என்பது அவனுக்கு ஏன் என்று தெரியாமலே பாடமாக இருந்தது. தராசை வரைந்து, இரண்டு பக்கமும் ஒரே எடையை எடுத்துக் காட்டியபோது, "ஓ, அதுவா சேர்!" என்றான். அன்று மத்தியானம் எனக்குப் பசித்தது. பல மாதத்துக்குப் பிறகு உண்மையாகவே பசித்தது.

அடுத்த கிழமை மூன்று பேர். "காசு வேண்டாம்" என்று போட்டது பிழை என்று ஒரு தாய் சொன்னார். சும்மா கிடைத்தால் பிள்ளைகள் லேசாக எடுப்பார்களாம். ஆளுக்கு ஒரு வெண்கட்டிப் பெட்டி கொண்டுவரச் சொன்னேன். வீட்டில் இன்னும் அலுமாரி நிறைய வெண்கட்டி இருக்கிறது.

படி 4: ஒரு மாதம் ஓடவிட்டுப் பாருங்கள்

நாலு கிழமை முடியும்வரை "இதுதான் என் பிடிப்பு" என்று யாருக்கும் அறிவிக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் கொப்பியில் இரண்டு குறிப்பு மட்டும்: போனேனா? அன்றிரவு எப்படித் தூங்கினேன்? சந்தோஷமாக இருந்ததா என்று கேட்க வேண்டாம், அந்தக் கேள்விக்கு மனம் பொய் சொல்லும்.

ஒத்துவராவிட்டால் விட்டுவிடலாம். கணக்கு வகுப்புக்கு முன் நான் ஒரு கோயில் குழுவில் சேர்ந்திருந்தேன். மூன்று கூட்டம் போனேன். மூன்றிலும் பேசப்பட்டது, முன்வரிசை நாற்காலியில் யார் இருப்பது என்பதுதான். நாலாவதுக்குப் போகவில்லை. குற்ற உணர்ச்சி இரண்டு நாள் இருந்தது, பிறகு போய்விட்டது.

படி 5: ஒரே ஆணியில் எல்லாவற்றையும் மாட்டாதீர்கள்

இந்த இடத்தில்தான் நம் வீடுகள் அதிகம் அடிபடுகின்றன. "நான் பிள்ளைகளுக்காகத்தான் இருக்கிறேன்" என்பதை நம் அம்மாக்களின் வாயிலிருந்து கேட்காத நாளில்லை. அதில் பொய் இல்லை. போரிலிருந்தும் இடப்பெயர்விலிருந்தும் எத்தனையோ பெண்களை நடக்க வைத்தது அந்த ஒரு வரிதான். ஆனால் பிள்ளைகள் ஆளாகிப் போன பிறகு?

எங்கள் மாடியில் ஓர் அன்ரி இருக்கிறார். இரண்டு மகன்களும் டொரண்டோவில். காலை ஐந்து மணிக்கு எழும்பி, முகம் கழுவி, பொட்டு வைத்து, வட்ஸ்அப் அழைப்புக்காகப் போனை மேசையில் சாய்த்து வைத்துக்கொண்டு காத்திருப்பார். அங்கே அப்போது முந்தின நாள் மாலை ஆறரையோ ஏழரையோ. வேலையால் வந்த களைப்பில் மகன் நாலு நிமிடம் கதைப்பான். அதற்குப் பிறகு அன்ரிக்கு ஐந்து மணி நாலு நிமிடத்திலிருந்து இரவு வரை ஒரு முழு நாள் மிச்சம் இருக்கும். "ஆளாக்கிற வேலை முடிஞ்சுது தம்பி. எனக்கு இனி என்ன வேலை?" என்று ஒரு நாள் கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

பதில் மேல்மாடியிலிருந்து வந்தது. அங்கே வாடகைக்கு இருந்த இரண்டு யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு வீட்டுத் தூள் முடிந்துவிட்டது. கடைத் தூள் பிடிக்கவில்லை. அன்ரி வறுத்துத் தருகிறேன் என்றார். இல்லை அன்ரி, எங்களுக்குக் காட்டித் தாங்கோ என்று அவர்கள் அடுப்படிக்கே வந்துவிட்டார்கள். மல்லி தனியாக, செத்தல் மிளகாய் தனியாக. செத்தல் கறுக்கத் தொடங்கு முன், கையில் எடுத்தால் பட்டென்று உடையும் பதத்தில் இறக்க வேண்டும், வெந்தயம் கடைசியில் ஒரு நிமிடம்தான். மூவரும் தும்மியது எங்கள் வீடு வரை கேட்டது. இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு அது நடக்கிறது. ஐந்து மணி அழைப்பும் நடக்கிறது. ஆனால் மகன் அழைக்காத நாளில் அன்ரி முன்போல உடைந்து போவதில்லை.

ஆகவே கொப்பியில் குறைந்தது இரண்டு பெயராவது இருக்கட்டும், ஒன்று வீட்டுக்கு வெளியே. வேலையை மட்டும் பிடித்திருப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். கம்பனி மூடியபோது நான் விழுந்ததற்குச் சம்பளம் பாதிக் காரணம்தான். மற்றப் பாதி, நான் என்னைக் கணக்காளராக மட்டுமே வைத்திருந்தது.

பிள்ளைகளைப் பிடித்திருப்பவர்களுக்கு இன்னொரு வார்த்தை. "நீ டொக்டரானால்தான் எனக்கு நிம்மதி" என்று சொல்லும்போது உங்கள் பிடிப்பைப் பிள்ளையின் தோளில் கடனாக ஏற்றுகிறீர்கள். சனிக்கிழமை வகுப்பில் அந்தக் கடனோடு வரும் முகங்களை நான் பார்க்கிறேன்.

படி 6: முடியாத நாளுக்கு ஓர் அரை அளவு

காய்ச்சல் வரும், செத்தவீடு வரும், காரணமே இல்லாத பாரமும் வரும். அந்த நாளுக்கென்று ஒரு சின்ன வடிவத்தை முன்கூட்டியே எழுதி வையுங்கள். என்னால் இறங்கிப் போக முடியாவிட்டால் ஒரு கணக்கை வட்ஸ்அப்பில் அனுப்புவேன். ஒன்று போதும். அதுவும் முடியாவிட்டால், "இன்றைக்கு முடியவில்லை" என்று எழுதி அனுப்புவேன். சொல்லாமல் காணாமல் போவதுதான் ஆபத்து. இரண்டு முறை அப்படி நடந்தால் மூன்றாம் முறை போக வெட்கமாகிவிடும். நான் பார்த்தவரை, பலருடைய பிடிப்பு கழன்றது பெரிய அடியால் அல்ல, இந்த வெட்கத்தால்தான்.

படி 7: முடிந்ததை முடிய விடுங்கள்

மண்ணெண்ணெய் வரிசை முடிந்தவுடன் அந்த அக்காவின் கொப்பிக்கும் வேலை முடிந்தது. பிறகு ஒரு நாள் வெள்ளவத்தைச் சந்தையில் கண்டேன். அதே கொப்பியைப் பின்பக்கமாகத் திருப்பி, பன்னிரண்டு பெண்களின் சீட்டுக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். கணவரை இப்போது கதிரையில் இருத்த முடிகிறதாம்.

என் முதல் தொகுதிப் பிள்ளைகள் பரீட்சை எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். அடுத்த தொகுதிக்கு, அந்த ஹொட்ஸ்பொட் பெடியனே சனிக்கிழமை சொல்லிக் கொடுக்கிறேன் என்று நிற்கிறான். தராசு வரைகிறான், என்னைவிட நன்றாக. ஆகவே எனக்குச் சனிக்கிழமை காலி. கொப்பியைத் திரும்ப எடுத்து இரண்டாம் படிவரை வந்திருக்கிறேன். கீழ்வீட்டு ஐயாவுக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை, பேப்பர் வாசித்துக் காட்ட ஆள் தேடுகிறார்களாம். திங்கட்கிழமை காலை ஏழரைக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.